ஊரின் விலை 12½ லட்சம். குடிசையின் விலை என்ன?

பழைய வீடு விற்பனைக்கு! கடலைப் பார்த்த வாசல். தேக்கு உத்தரம். சுண்ணாம்புக் காரை. தூண் வைத்த தாழ்வாரம். டேனிஷ்காரன் காலத்துக் கட்டடம். வசதியுள்ளோர் விரைந்து வருக!

இந்த மாதிரி விளம்பரங்கள் இப்பொழுது பெருகிவிட்டன. புதுச்சேரியில் வெள்ளைக்காரன் குடியிருந்த தெருக்களில் விற்கிறார்கள். தரங்கம்பாடியில் விற்கிறார்கள். கடற்கரை ஓரத்துப் பழைய பட்டணம் எதுவானாலும் அங்கே ஒரு தரகர் கூட்டம் முளைத்திருக்கிறது. செங்கல்லுக்கு ஒரு விலை, மரத்துக்கு ஒரு விலை, மனைக்கு ஒரு விலை, அதற்கு மேல் "சரித்திரம்" என்ற சரக்குக்குத் தனி விலை!

நாகலாபுரத்தில் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து இப்படி ஒரு விளம்பரத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது, பருத்திக் காட்டிலிருந்து வந்த ஒரு தோழர் கேட்டார்: "அண்ணாச்சி, வீட்டுக்கு விலை சொல்றான், சரி. சரித்திரத்தையும் சேத்தா விக்கான்? அது அவன் அப்பன் வீட்டுச் சொத்தா?"

நல்ல கேள்வி. பட்டதாரிகள் கேட்க மறந்த கேள்வி. இதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட முடியாது. தரங்கம்பாடிக்கே போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.

தங்க ஓலையில் எழுதிய குத்தகை

தரங்கம்பாடி ஒரு மீனவர் ஊர். கடலடியில் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில் பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தது; அதாவது வெள்ளைக்காரன் வருவதற்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே ஊர் இருந்தது, ஜனங்கள் இருந்தார்கள், வலை இருந்தது, படகு இருந்தது. அந்தக் கோயிலில் பாதியைக் கடல் தின்றுவிட்டது. மீதி ஊரைத் தின்றது யார்?

1616-இல் டென்மார்க் தேசத்து வியாபாரிகள் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி ஆரம்பித்தார்கள். 1620-இல் ஓவ கெட்டே என்ற தளபதி கப்பலோடு வந்து தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் போட்டான். ஆண்டுக்கு 3,111 ரூபாய் குத்தகை. மன்னர் டென்மார்க் ராஜாவுக்குத் தங்கத் தகட்டில், பனையோலை வடிவில், கடிதம் எழுதி அனுப்பினார். அந்தத் தங்க ஓலை இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது.

மீனவன் வலை காயப்போட்ட மணலை, மீனவனைக் கேட்காமல், தஞ்சாவூர் அரண்மனையில் உட்கார்ந்துகொண்டு ஒரு மன்னர் இன்னொரு மன்னனுக்குக் குத்தகைக்கு விட்டார்! பத்திரம் தங்கத்தில். அந்த மணலில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவனுக்குக் காகிதத்தில்கூட ஒரு துண்டு கிடையாது. நம் பட்டாப் பிரச்னையின் கதை எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரிகிறதா?

அங்கே டான்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. மதில் எழுந்தது. ராஜா தெரு, ராணித் தெரு என்று பெயர் வைத்து வீதிகள் எழுந்தன. அந்தத் தெருக்களில்தான் இன்று "விற்பனைக்கு" நிற்கும் வீடுகள் இருக்கின்றன.

அந்த வீடுகளைக் கட்டிய பணம் எது? மிளகு, துணி. முக்கியமாகத் துணி. சோழமண்டலக் கரையின் நெசவாளி, குழித்தறியில் இடுப்பொடிய நெய்த துணி, கப்பலேறிக் கோபன்ஹேகன் போயிற்று. அங்கேயே அது நின்றுவிடவில்லை. ஆப்பிரிக்காவின் கினியாக் கரையில் டென்மார்க்காரனுக்குக் கோட்டைகள் இருந்தன. அங்கே மனிதர்களை விலைக்கு வாங்கி, மேற்கிந்தியத் தீவுகளில் கரும்புத் தோட்டத்துக்கு அடிமைகளாக ஏற்றி அனுப்பினான். மனிதனை வாங்க அவன் கொடுத்த சரக்குகளில் இந்தியத் துணியும் ஒன்று. நம் நெசவாளியின் வியர்வையைக் கொடுத்து ஆப்பிரிக்கத் தாயின் பிள்ளையை வாங்கினான்! நெய்தவனுக்கு இது தெரியாது, விற்கப்பட்டவனுக்கும் தெரியாது. இருவரையும் இணைத்த கணக்குப் புத்தகம் கம்பெனிக்காரன் மேஜையில் இருந்தது.

தேக்கு உத்தரத்தின் அழகைப் பற்றி விளம்பரத்தில் எழுதுகிறவர்கள் இந்த வரியையும் சேர்த்து எழுதினால் என்ன?

வீட்டை அல்ல, ஊரையே விற்றார்கள்!

1845-ஆம் ஆண்டு. இங்கிலீஷ்காரன் ஆலைத்துணி உலகை நிரப்பிவிட்டது. தரங்கம்பாடியில் லாபம் வற்றிவிட்டது. டென்மார்க் சர்க்கார் என்ன செய்தது? வங்காளத்தில் தன் வசம் இருந்த செராம்பூரையும், நம் தரங்கம்பாடியையும் சேர்த்து, இங்கிலீஷ் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 12½ லட்சம் ரூபாய்க்கு விற்றுவிட்டது. கோட்டை, கொத்தளம், வீடு, வாசல், தெரு, கடற்கரை, அதில் வாழ்ந்த மனிதர்கள், எல்லாம் அடக்கம்.

காலையில் ஒரு கொடி இறங்கியது. இன்னொரு கொடி ஏறியது. ஜனங்களை யாரும் கேட்கவில்லை. சந்தையில் மாடு விற்கும்போதாவது தரகர்கள் துண்டைப் போட்டு மூடி விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். மாட்டுக்குத் தெரியாமல் இருக்க அல்ல, பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாமல் இருக்க. ஊர் விற்ற இந்த வியாபாரத்தில் அந்த வெட்கம்கூட இல்லை.

இதோடு நின்றானா? 1850-இல் ஆப்பிரிக்கக் கரையில் இருந்த கோட்டைகளை அதே இங்கிலீஷ்காரனுக்கு 10,000 பவுனுக்கு விற்றான். 1917-இல் மேற்கிந்தியத் தீவுகளை அமெரிக்காவுக்கு 250 லட்சம் டாலருக்கு விற்றான். துணி போன ஊர், மனிதன் வாங்கிய ஊர், கரும்பு விளைந்த ஊர், மூன்றையும் விற்றுக் காசாக்கிவிட்டு டென்மார்க் ராஜாங்கம் கணக்கை முடித்துக்கொண்டது. ஏகாதிபத்தியம் என்றால் என்ன என்று வகுப்பெடுக்கச் சொல்லித் தோழர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். மூன்று விற்பனைப் பத்திரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால் போதும்.

இங்கிலீஷ்காரன் வாங்கிய பிறகு சில காலம் தஞ்சை ஜில்லாவுக்கே தரங்கம்பாடி தலைநகராக இருந்தது. கலெக்டருக்குக் கடல் பார்த்த பங்களா. பிறகு ரயில் நாகப்பட்டினம் பக்கம் போயிற்று, தரங்கம்பாடி தூங்கிவிட்டது. 1926-இல் மாயவரத்திலிருந்து ஒரு சின்ன ரயில் விட்டார்கள். கூடைக்காரியும் கூலிக்காரனும் ஏறிய ரயில். 1986-இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். இன்றைக்குப் பங்களா வாங்க வருகிறவர் ரயிலை எதிர்பார்க்கிறவர் அல்லர், கார் வைத்திருக்கிறார்.

"பழமையைக் காக்க வேண்டாமா?"

இங்கே சில நண்பர்கள் குறுக்கிடுவார்கள். "என்னய்யா, கம்யூனிஸ்டுகளுக்குப் பழைய கட்டடம் என்றாலே ஆகாதா? இடித்துத் தள்ளிவிட வேண்டுமா?"

வேண்டவே வேண்டாம்! அந்தச் சுவர்களைக் கட்டியவன் கொத்தனும் சித்தாளும். சுண்ணாம்பை அரைத்தவள் நம் பாட்டி. உழைத்தவன் கையை அந்தச் சுவரில் காண்கிறவர்கள் நாம்; அதை இடிக்க நமக்கு என்ன பைத்தியமா? அதே தரங்கம்பாடியில்தான் 1706-இல் சீகன்பால்கு வந்து இறங்கினார். அங்கே அச்சுக்கூடம் வந்தது. 1715-க்குள் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி வெளிவந்தது. அவர் எதற்காக அச்சிட்டார் என்பது வேறு விஷயம். ஆனால் ஈய எழுத்தில் தமிழ் ஏறியது இந்த நாட்டு ஜனங்களின் சொத்து. இந்தப் பத்திரிகையை நீங்கள் வாசிப்பதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு.

ஆகவே காப்பாற்றுங்கள். கேள்வி அதுவல்ல. யாருக்காகக் காப்பாற்றுவது என்பதே கேள்வி. பழைய ஆளுநர் மாளிகையை டென்மார்க் தேசிய மியூசியத்தின் உதவியோடு புதுப்பித்தார்கள், கோட்டையையும் பழுதுபார்த்தார்கள். கோட்டைக்குள் டிக்கெட் வாங்கிக்கொண்டு யாரும் போகலாம். நல்லது, வரவேற்கிறோம். ஆனால் சுற்றிலும் பொதுப் பணத்தில் வீதி அழகாகிறது, விளக்கு வருகிறது, பெயர்ப்பலகை வருகிறது. உடனே பக்கத்து மனையின் விலை ஏறுகிறது. ஏறிய விலை யார் மடியில் விழுகிறது? சர்க்கார் போட்ட பணத்துக்கு வட்டி தனியாருக்கு! கலெக்டர் குடியிருந்த கடற்கரை பங்களா இன்று ஓட்டல். அதில் ஒரு ராத்திரி படுப்பதற்கு வாங்கும் வாடகையைச் சம்பாதிக்க நம் விவசாயத் தொழிலாளி எத்தனை நாள் களை வெட்ட வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

200 மீட்டர் சட்டம் யாருக்கு?

2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலை வந்தது. தரங்கம்பாடி மீனவர் குடியிருப்பை வாரிக்கொண்டு போயிற்று. பிள்ளைகளை இழந்தார்கள், படகை இழந்தார்கள், வீட்டை இழந்தார்கள்.

2005 மார்ச் 30-இல் தமிழ்நாட்டு சர்க்கார் 172-ஆம் எண் அரசாணை போட்டது. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு இழந்தவனுக்கு இலவச வீடு உண்டு. ஆனால் பழைய மனையை விட்டுக்கொடுத்துவிட்டு உள்ளே தள்ளிப் போக வேண்டும். போகமாட்டேன் என்கிறவன் தன் செலவில் வீட்டைச் சரிசெய்துகொள்ளலாம். சர்க்கார் உதவி கிடையாது. அதாவது, பிணத்தைப் புதைத்த ஈரம் காய்வதற்குள், "கடற்கரையை விட்டுக்கொடு, வீடு தருகிறேன்" என்று பேரம்!

உயிருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. மீனவர்களில் பலர் பயத்தில் தாமே உள்ளே போனார்கள். ஆனால் கடலுக்கு மீனவன் என்றும் ஓட்டல் முதலாளி என்றும் வித்தியாசம் தெரியுமா? மீனவனுக்கு ஆபத்தான மணல், உல்லாசப் பயணிக்கு எப்படிக் கட்டில் போடத் தகுந்த இடமாயிற்று? 2019 ஜனவரியில் மத்திய சர்க்கார் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையைத் திருத்தி வெளியிட்டது. ஜன நெருக்கமுள்ள கடலோரக் கிராமங்களில், எதையும் கட்டக்கூடாது என்றிருந்த 200 மீட்டர், 50 மீட்டராகச் சுருங்கியது. கடற்கரையில் சுற்றுலாவுக்குத் தற்காலிக வசதிகள் அமைக்கவும் வழி விட்டார்கள். 2005-இல் மீனவனைத் தள்ளிய கோடு, 2019-இல் முதலாளிக்காக நகர்ந்து கொடுத்தது!

ராமையாவின் குடிசை

தரங்கம்பாடியும் கீழவெண்மணியும் ஒரே பழைய தஞ்சை ஜில்லா. தரங்கம்பாடியிலிருந்து தெற்கே போனால் நாகப்பட்டினம். அதற்கு அப்பால் வெண்மணி.

1968 டிசம்பர் 25. கூலி நெல்லில் கொஞ்சம் கூட்டிக் கேட்டதற்காகவும், செங்கொடியை இறக்க மறுத்ததற்காகவும், நிலப்பிரபுக்களின் அடியாட்கள் சேரிக்குள் புகுந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் ராமையா என்ற தொழிலாளியின் சின்னஞ்சிறு குடிசைக்குள் ஒளிந்தார்கள். வெளியே அடைத்துத் தீ வைத்தார்கள். 44 உயிர்கள் கருகின.

வழக்கு நடந்தது. 1973-இல் சென்னை ஹைகோர்ட், குற்றம் சாட்டப்பட்ட நிலப்பிரபுக்களை விடுதலை செய்தது. பெரும் நிலமும் காரும் உள்ள கனவான்கள் தாமே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லையாம்!

தோழர்களே, அந்தக் குடிசை சரித்திர முக்கியத்துவம் வாய்ந்த வீடா, இல்லையா? எந்தத் தரகன் அதை விளம்பரம் செய்தான்? எந்த வெளிநாட்டு மியூசியம் பழுதுபார்க்க வந்தது? தொழிலாளர்கள்தான் அங்கே நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். ஒவ்வொரு டிசம்பரிலும் சென்று கொடி தாழ்த்துகிறார்கள். அந்த இடத்தை விலை பேச எந்தக் கோடீசுவரனாலும் முடியாது.

அதே ஜில்லாவில் ஒரு காலத்தில் சாணிப்பாலும் சவுக்கடியும் இருந்தன. அவற்றை நிறுத்தியது தோழர் பி. சீனிவாசராவ் தலைமையில் எழுந்த சங்கம். 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது அந்தப் போராட்டத்தால். பங்களாக்களின் தாழ்வாரத்தில் உட்கார்ந்து யாரும் அதை எழுதித் தரவில்லை.

நம் ஊர்ச் சரித்திரம்

"தஞ்சாவூர்க் கதை நமக்கு எதற்கு?" என்று கரிசல் காட்டுத் தோழர்கள் எண்ண வேண்டாம். நாகலாபுரத்திலும் சரித்திரம் இல்லாமல் போகவில்லை. 1799 செப்டம்பரில் கட்டபொம்மனின் தானாபதி சுப்பிரமணிய பிள்ளையைக் கம்பெனிக்காரன் தூக்கிலிட்டது நம் நாகலாபுரத்தில்தான். தலையை வெட்டிப் பாஞ்சாலங்குறிச்சியில் கொண்டுபோய் ஈட்டியில் குத்தி வைத்தான். அடுத்த மாதம் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டான். 1801-இல் மறுபடியும் சண்டை நடந்து கோட்டை விழுந்தபின் அதைத் தரைமட்டமாக்கி உழுதுபோட்டான். 1974-இல் சர்க்கார் கட்டிய நினைவுக் கோட்டைதான் இன்று நாம் பார்ப்பது.

பாளையக்காரர்கள் கூலிக்காரர்களின் தோழர்கள் என்று நாம் கதை கட்ட வேண்டியதில்லை. வரி வாங்கியவர்கள்தான் அவர்களும். ஆனாலும் வித்தியாசத்தைப் பாருங்கள். வெள்ளைக்காரனை எதிர்த்தவன் வீட்டின் மேல் ஏர் ஓடிற்று. வெள்ளைக்காரன் குடியிருந்த வீட்டுக்குக் கோடியில் விலை!

தூத்துக்குடியை எடுத்துக்கொள்ளுங்கள். 1906-இல் வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி ஆரம்பித்தார். 25 ரூபாய்ப் பங்கு விற்றுக் கப்பல் வாங்கினார். 1908 பிப்ரவரி 27-இல் ஹார்வி துரைமார்களின் கோரல் மில்லில் வேலைநிறுத்தம் எழுந்தபோது அவரும் சுப்பிரமணிய சிவாவும் தொழிலாளி பக்கம் நின்றார்கள். ஒன்பது நாளில் தொழிலாளி ஜெயித்தான். கூலி உயர்ந்தது, வார விடுமுறை கிடைத்தது. சில நாட்களில் வ.உ.சி. சிறையில்! அவர் செக்கிழுத்துக்கொண்டிருந்த காலத்தில், வெளியே இருந்த பங்குதாரப் பெருமக்கள் கம்பெனியைக் கலைத்தார்கள். கப்பலைப் போட்டிக்காரனான வெள்ளைக்காரக் கம்பெனிக்கே விற்றார்கள். தேசபக்தி வட்டி தராதபோது முதலாளி எதையும் விற்பான். டென்மார்க் ராஜா ஊரை விற்றதற்கும் இதற்கும் என்ன தூரம்?

நம் வீடு

இப்பொழுது நம் வீட்டுக்கு வருவோம். கரிசல் மண்ணில் வீடு கட்டுவது லேசா? மழையில் மண் ஊதும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். வானம் ஆழத் தோண்டாத சுவர் இரண்டே வருஷத்தில் பிளந்துவிடும். ஆழத் தோண்டக் காசு வேண்டும். மழை நம்பிய பூமியில் பருத்தியும் மிளகாயும் உளுந்தும் பொய்த்தால், உடைமரம் வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறவனுக்குக் காசு எங்கிருந்து வரும்? பனையோலைக் கூரை, மண்சுவர், அதற்கும் பட்டா இல்லை. "புறம்போக்கு" என்று எழுதி வைத்திருக்கிறான். நாலு தலைமுறை பிறந்து செத்த இடத்துக்குப் பெயர் புறம்போக்கு!

மில் தொழிலாளி நிலைமை மேலா? நாடெங்கும் மூடிய பஞ்சாலைகளைப் பாருங்கள். புதுச்சேரியில் ரோடியர் மில் என்று பெயர்பெற்ற ஏ.எஃப்.டி. ஆலையை 2020-இல் மூடினார்கள். 1936 ஜூலை 30-இல் புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்கள் 12 பேர் பிரெஞ்சு ஏகாதிபத்தியத்தின் குண்டுக்குப் பலியானார்கள், தோழர் வ. சுப்பையா வழிநடத்திய அந்தப் போராட்டத்தால்தான் அடுத்த ஆண்டே 8 மணி நேர வேலைச் சட்டம் அங்கே வந்தது. ஒரு பக்கம் வெள்ளைக்காரத் தெருவின் வீடுகளுக்கு விலை ஏறுகிறது. இன்னொரு பக்கம், ரத்தம் சிந்திய ஆலையின் கதவில் பூட்டுத் தொங்குகிறது. இரண்டும் ஒரே ஊர்!

அந்த ஆலை மனை நாளைக்கு விற்பனைக்கு வருமா என்று கேட்காதீர்கள். விடமாட்டோம் என்று சொல்லத் தொழிலாளி இருக்கிறானா என்று கேளுங்கள்.

நம் கோரிக்கை புதிதல்ல. 1971-இல் தமிழ்நாட்டில் குடியிருப்புச் சட்டம் வந்தது: பண்ணையார் நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கே அந்த மனை சொந்தம் என்று. வெண்மணி நெருப்பு அணையாத காலத்தில் வந்த சட்டம் அது. அது எங்கெல்லாம் அமுலாயிற்று, எங்கெல்லாம் பண்ணையார் பெயரிலேயே பதிவு நிற்கிறது என்று ஊர் ஊராகக் கணக்கெடுக்க வேண்டும். நத்தத்தில் இருப்பவனுக்குப் பட்டா. ஆட்சேபணை இல்லாத புறம்போக்கில் இருப்பவனுக்குப் பட்டா. ஆட்சேபணை உண்டென்றால் மாற்று மனை, அதுவும் வேலைக்குப் போக முடிகிற தூரத்தில். சரித்திரக் கட்டடங்களைப் பொறுத்தவரை, பொதுப் பணம் செலவான வீட்டின் கதவு பொதுஜனங்களுக்குத் திறந்திருக்க வேண்டும்.

நாகலாபுரம், விளாத்திகுளம், புதூர் வட்டாரத் தோழர்கள் அந்தந்த ஊர் விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளையில் பெயர் கொடுக்க வேண்டும். வரும்போது வீட்டு வரி ரசீது, மின்கட்டண அட்டை, ரேஷன் கார்டு, எது இருக்கிறதோ அதைக் கொண்டு வாருங்கள். பெண்கள் பெயரிலேயே மனு எழுதுங்கள். ஒரு காகிதமும் இல்லாதவர்களும் வரலாம். பக்கத்து வீட்டுப் பெரியவரைக் கையோடு அழைத்து வாருங்கள், எத்தனை வருஷமாக அங்கே அடுப்பு எரிகிறது என்று அவர் சொல்வார்.